சாவை ஒத்திவைத்தவர்கள்

நம் வயதுக்காரர்கள் கூடினால் மூன்று விஷயந்தான் பேசுகிறோம்: சீனி, பிரஷர், பிள்ளைகள் தமிழ் பேசாதது. போன மாதம் என் மருத்துவர், அடிக்கடி கோபம் வருமா என்று கேட்டார். வருவதுமில்லை போவதுமில்லை, எண்பத்தாறாம் ஆண்டு மாரியிலிருந்து இங்கேதான் இருக்கிறது என்றேன். அவர் பிறந்ததே அதற்குப் பிறகுதான். கணினியில் ஏதோ தட்டினார். மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அந்தக் கோபத்தின் கதையை உங்களிடந்தான் சொல்ல முடியும். நீங்களும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, செருப்புக்குள் காலுறை போட்டுக்கொண்டு மேற்கே வந்தவர்கள். அகதி விடுதியான ஹைமின் சாப்பாட்டுப் பொதியில் வரும் தகர மீனை மிளகாய்த்தூள் போட்டு மீனாக்கப் பாடுபட்டவர்கள். உங்களுக்கு நான் அடிக்குறிப்புப் போடத் தேவையில்லை.

எங்கள் ஹைம் பீலெஃபெல்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சின்ன நகரத்தில் இருந்தது. முன்பு விருந்தினர் விடுதியாக இருந்து நொடித்துப்போன கட்டடம். சுவர்களில் பழைய பியர் வாசமும் புதிய கறிவாசமும் சண்டை பிடித்தன. வெற்றி நாளுக்கு நாள் மாறியது. ஒரே அறையில் அப்பா, அம்மா, நான். பக்கத்து அறையில் சித்தப்பாவும் கல்யாணமாகாத பெடியன்களும். எனக்குப் பத்து வயது, இரட்டைப் பின்னல், குடும்பத்தில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள். ஆகவே அப்பாவுக்குப் பல்வலி என்றாலும் வாய் திறக்க வேண்டியவள் நான்.

அண்ணா எங்களோடு வரவில்லை. பல்கலைக்கழகம் புக எழுதும் ஏ.எல். சோதனை அவனுக்கு இருந்தது. சிரிக்காதீர்கள். ஊர் எரிந்துகொண்டிருந்தது, பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கக் கூரை இல்லை; ஆனாலும் சோதனை நடக்கும் என்று அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "எழுதிப்போட்டு வரட்டும்" என்றார். அம்மா ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். படிப்புக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்து வென்றவர்கள் எங்கள் சனத்தில் கிடையாது.

ஹைமுக்கும் பின்னால் இருந்த செங்கல் வீட்டுக்கும் ஒரே முற்றம். அந்த வீட்டின் மேல்மாடிதான் யூதர்களின் தொழுகை அறை. அந்த நகரத்தில் மிஞ்சியிருந்தவர்கள் ஒரு கைப்பிடி முதியவர்கள். பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். பத்துப் பேர் சேர்வது அவர்களுக்குப் பண்டிகை மாதிரி. வீட்டின் திறப்புகளை ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் கட்டியிருந்த விதவை ஒருவர் எல்லாவற்றையும் நடத்தினார். அவரை நாங்கள் திறப்பு அம்மா என்போம். வெயிலோ பனியோ கறுப்புத் தொப்பி கழற்றாத, சமயச்சட்டம் கரைத்துக் குடித்த கிழவர் ஒருவர் இருந்தார். அவர் தொப்பி ஐயா.

அப்பாவுக்கும் தொப்பி ஐயாவுக்கும் சனிக்கிழமைகளில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அது அவர்களுடைய ஓய்வு நாள். அவர் விளக்குப் போடக்கூடாது; போடச்சொல்லி நேராகக் கேட்கவும் கூடாது. ஆகவே முற்றத்துக்கு வந்து, ஆகாயத்தைப் பார்த்து, "மேலே படிகள் இருட்டாக இருக்கின்றன" என்று சொல்லிவிட்டுப் போவார். மற்ற அயலவர்கள் ஆமாம், மாரிகாலந்தானே என்று தலையாட்டுவார்கள். அப்பா மட்டும், நான் தமிழில் சொன்னதும், எழுந்துபோய் விளக்கைப் போடுவார். சம்பந்தி வீட்டுக் கதை கேட்டு வளர்ந்த மனிசனுக்கு இதெல்லாம் ஒரு சாடையா? "கேக்காமல் கேக்கிறதுக்கு எங்கடை ஆக்களை அடிக்க ஏலாது எண்டு நினைச்சிருந்தன்" என்று அப்பா வியந்துபோய்ச் சொன்னார்.

வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் அந்த முற்றத்துக்கு நகரத்தின் பெரியவர்கள் வருவார்கள். மலர்வளையம், பாடகர் குழு, நாஜிகளின் காலத்தில் எரிக்கப்பட்ட பழைய தொழுகைக்கூடத்தின் பெயரால் நீண்ட பேச்சு. அந்த வருடம், நிகழ்ச்சிக்கு அழகில்லை என்று எங்கள் உடுப்புக்கொடியை அவிழ்க்கச் சொன்னார்கள். இனி ஒருபோதும் அயலவனை ஒதுக்கமாட்டோம் என்று ஒருவர் பேசினார். என் உள்பாவாடைகள் அப்போது ஒரு வாளிக்குள் கிடந்தன. பேச்சு முடிந்து கார்கள் போனதும் திறப்பு அம்மா தானே வந்து கொடியைத் திரும்பக் கட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் செய்தி வந்தது. சித்தப்பாதான் தெருமுனை ரெலிபோன் பெட்டியில் கேட்டார். சந்தியில் சைக்கிளோடு நின்ற அண்ணாவை ரோந்து வந்த ஆமி சுட்டுவிட்டது. ஊரில் தகனமும் முடிந்திருந்தது.

பெரியவர்கள் பக்கத்து அறையில் கூடினார்கள். நம் ஆட்களுக்கு ஒரு சாவு கிடைத்தால் முதலில் ஒரு கொமிட்டி போட வேண்டும். அம்மாவுக்கு அகதிக் கந்தோரில் விசாரணை டெர்மின், அதாவது நாள், குறித்து வந்திருந்தது. ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த ஒரு நாள் பதிலில்தான் எங்கள் எல்லோருடைய வாழ்வும் தொங்கியது. "அண்ணி தாங்கமாட்டா. டெர்மின் முடியட்டும் அண்ணை, பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்றார் சித்தப்பா. அப்பா ஓம் என்றார். எனக்கும் சொல்லவில்லை, பிள்ளை வாய்காரி, உளறிவிடும். இவையெல்லாம் பல வருடத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக எனக்கு ஒப்புவித்தவை. எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: நல்லதுக்குத்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மூக்கு விடைக்கும்.

டெர்மின் தள்ளிப்போனது. திரும்பவும் தள்ளிப்போனது. ஒரு கந்தோரின் வசதிக்காக என் அண்ணா சாகாமல் காத்திருந்தான்.

அந்த நாட்களில் ஹைமில் அம்மாவுக்கு ராஜமரியாதை. ஹைமின் மேல்மாடியில் இருந்த அக்கா ஒருவர் அம்மாவின் உடுப்பையும் சேர்த்துத் தோய்த்தார். பெடியன்கள் பாட்டுக் கஸெற்றை நிறுத்திக்கொண்டார்கள். "இஞ்சத்தைச் சனம் நல்ல சனம்" என்று அம்மா என்னிடம் பூரித்தார். பெரிய பொட்டு வைத்துக்கொண்டு அண்ணாவுக்குக் கம்பளிச் சட்டை பின்னினார். ஜெர்மன் குளிருக்குத் தோள் அகலம் எவ்வளவு வைப்பது என்று அப்பாவை நிறுத்தி அளந்தார். அப்பா கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். சாரம் உடுத்த சிலுவை மாதிரி இருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கைப் பக்கத்து அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சித்தப்பா ஒப்பேற்றினார். பொதுக் குசினியில் சமையல் நடந்தது. வாசம் மறைக்க முடியாத சங்கதி ஆகையால், ஒரு பெடியனுக்குச் சுவிஸில் கல்யாணம் பொருந்தியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அந்தப் பெடியனைக் கூப்பிட்டு வாழ்த்தினார். தன் மகனின் அந்தியேட்டிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். உழுந்து வடை மெத்தென்று வந்திருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கினார். வடையைக் கொடுத்தது சித்தப்பாவின் கை. நாற்பது வருடமாக அந்தக் கையை மன்னிக்கப் பார்க்கிறேன்.

கடைசியில் டெர்மின் வந்தது. அப்பாவை ஒரு காலையில் கேட்டார்கள், அம்மாவைப் பின்னேரம். மொழிபெயர்க்க, இந்தியாவிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் இருந்தார்; மெலிந்த முகம், தடித்த கண்ணாடி. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் அம்மாவின் பக்கத்தில் ஒரு கதிரையில். குடும்பத்தில் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா என்று அதிகாரி கேட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அம்மா உண்மையைச் சொன்னார்: "மூத்தவன் ஊரிலை படிக்கிறான். கடவுள் புண்ணியத்திலை ஒரு குறையுமில்லை."

அதிகாரி தட்டச்சை நிறுத்தினார். காலையில் எழுதிய தாள்களைப் புரட்டினார். மாணவரிடம் ஏதோ சொன்னார். எனக்கு ஜெர்மன் தெரியும். எனக்குத்தான் முதலில் விளங்கியது. மாணவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸாரிம்மா. பெரிய பையன் இறந்துட்டான்னு உங்க ஹஸ்பண்ட் காலையில சொல்லியிருக்கார். நீங்க நல்லா இருக்கான்னு சொல்றீங்க. ரெண்டுல எது கரெக்ட்னு கேக்கறார்."

அம்மா என்னைப் பார்த்தார். மாணவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அவன் சோதனை எழுதிப்போட்டானோ?"

அதையும் அந்த மாணவர் மொழிபெயர்த்தார். அதிகாரி அதையும் தட்டினார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கெட்ட மனிதர் ஒருவராவது இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்திருக்கும்.

அதோடு அம்மா வாயை மூடினார். வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி கட்டிலில் படுத்தார். அழவில்லை, சாப்பிடவில்லை. ஹைம் சனம் வரிசையாக வந்தது. அழாதேங்கோ அக்கா, இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ, எல்லாம் விதி என்றது. அந்தக் கல்யாணச் சாப்பாடு எதன் சாப்பாடு என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்ல. அவர்களுடைய துக்கம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். முறைப்படி அழுது, முறைப்படி சடங்கு செய்து, வடை தின்று சாவுத் துடக்குக் கழித்திருந்தார்கள். அம்மா வந்து சேர்ந்தபோது சாவு வீடு கலைந்திருந்தது. மூன்றாம் நாள் அம்மா தண்ணீரையும் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசியால் ஏற்றலாம் என்று சித்தப்பா சொன்னார். இவர் போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இப்படியே, சுவரைப் பார்த்தபடியே, எங்கள் எல்லோர்மேலுமுள்ள கோபத்தில் போய்ச் சேரப்போகிறார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. தொப்பி ஐயா முற்றத்தில் வந்து படிகளின் இருட்டைப் பற்றி ஆகாயத்திடம் சொன்னார். அப்பா வாசற்படியில் இருந்தவர் அசையவில்லை. ஐயா திரும்பிப் பார்த்தார். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணச் சாப்பாட்டையும் சொன்னேன். திறப்பு அம்மாவும் இறங்கி வந்திருந்தார். கேட்டுக்கொண்டே வந்தவர் அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

"அது அவளுடைய சாவு," என்றார். "அதை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ள யார் உரிமை கொடுத்தது?"

நான் மொழிபெயர்த்தேன். பத்து வயதில் அப்பாவைத் திட்டக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம்; ஒரு சொல்லையும் நான் மென்மையாக்கவில்லை.

அவர்கள் முறையில், உறவினர் செத்தால் ஏழு நாள் நிலத்தில் இருந்து துக்கம் காப்பார்களாம். வீட்டில் சமைப்பதில்லை, அயலவர்கள் கொண்டுவருவார்கள். இதெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். ஆனால் செய்தி பிந்தி வந்தால், அதுவும் முப்பது நாள் தாண்டி வந்தால், சட்டப்படி ஒரு மணி நேரந்தான். அதைச் சொன்னவர் தொப்பி ஐயாதான். அவர்களுக்கு முப்பது, நமக்கு முப்பத்தொன்று. பிந்தி வந்தவளுக்கு இரண்டு சமயத்திலும் கதவு சாத்தியாயிற்று என்று நினைத்தேன். அப்படி அழகாக நினைத்திருக்கமாட்டேன்; இப்போது நினைக்கிறேன்.

திறப்பு அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா தொப்பியைச் சற்று மேலே தள்ளினார். போர் முடிந்த பிறகு ஒரு முகாமில் வைத்துத்தான் தனக்குச் செய்தி கிடைத்தது என்றார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், தாய், தகப்பன். எல்லாம் பழைய சாவு. "ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மணி நேரம். பிறகு எழும்பிக் காலுக்குச் சப்பாத்துத் தேடப் போனேன். அன்றைக்கு முகாமில் சப்பாத்துக் கொடுத்தார்கள்." தொப்பியைத் திரும்ப இறக்கினார். "அந்த ஒரு மணி நேரத்தின்மேல் எனக்கு நாற்பது வருடக் கோபம்."

பிறகு அவருக்குள்ளிருந்த சட்டக்காரன் எழுந்து உட்கார்ந்தான். சட்டம் யூதர்களாகிய நமக்குரியது, அந்தப் பெண் நம்முடைய ஆள் இல்லை, ஆகவே ஒரு மணி நேரந்தான் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றார். அவள் ஏழு நாள் இருக்கலாம். துக்கக்காரியைப் பார்க்கப் போவது நம் கடமை. போகிறவன் அங்கே உட்காரத்தானே வேண்டும்? சட்டத்தை மீறாமல், சட்டத்துக்கு வெளியே ஒரு கதிரை போட்டுவிட்டார்.

சனி இரவானதும் வந்தார்கள். கைத்தடி, இருமல், அந்துருண்டை வாசம் வீசும் கனத்த கோட்டுகள். படியேற ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். திறப்பு அம்மா தங்கள் துக்க வழக்கப்படி எங்கள் முகக்கண்ணாடியைத் துவாயால் மூடினார். அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் மெத்தையில் இருத்தினார். அம்மா எதிர்க்கவில்லை, பொதி மாதிரி இறங்கினார். மற்றவர்கள் பெட்டிகளிலும் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். வணக்கம் கிடையாது. ஆறுதல் கிடையாது. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது அவர்கள் முறை. ஒரு தமிழ் அறைக்குள் அத்தனை பேர் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை.

மேல்மாடி அக்கா எட்டிப்பார்த்து, "அழாதேங்கோ…" என்று தொடங்கினார். திறப்பு அம்மா உதட்டில் விரலை வைத்தார். சித்தப்பா வந்து, ஆன்மாவுக்கு அழிவில்லை என்று ஆரம்பித்தார். அவருக்கும் அதே விரல். என் வாழ்நாளில் சித்தப்பாவைப் பாதி வசனத்தில் நிறுத்திய விரல் அது ஒன்றுதான்.

அவித்த முட்டை கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுடைய துக்கச் சாப்பாடு. செத்த வீட்டில் முட்டையா என்று சித்தப்பா வாசலுக்கு வெளியே நின்று பொருமினார். அடுத்த நாள் திறப்பு அம்மா பருப்பு அவித்துக் கொண்டுவந்தார். அதுவும் அவர்களுக்குத் துக்கச் சாப்பாடுதானாம். அம்மா முதல் தடவையாகக் கரண்டியைப் பிடித்தார். உப்பில்லை, காரமில்லை, தாளிதம் இல்லை. மூன்று வாய் உள்ளே போனது.

அவர்கள் வரத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை அம்மா பேசினார். தொப்பி ஐயாவைப் பார்த்து, தமிழில்.

"படிப்பு படிப்பெண்டு என்ரை பிள்ளையைச் சந்தியிலை நிப்பாட்டினாங்கள். செத்தவனுக்கு என்னையே வடை தின்னப் பண்ணினாங்கள். நல்லூர்க் கந்தனுக்குக் கண் இல்லையோ? அவனுக்கு ஒரு பிள்ளை இருந்து செத்தால் தெரியும்."

அதற்குப் பிறகு வந்ததை நான் எழுதமாட்டேன். அப்பா, சித்தப்பா, ஆமி, ஜெர்மன் கந்தோர், கந்தசாமியார், ஒருவரையும் விடவில்லை. குரல் முற்றத்துக்குக் கேட்டது. சித்தப்பா காதைப் பொத்தினார், தெய்வத்தைத் திட்டுகிறாளே என்று. தேவாரம் பாடினவர்களே கடவுளோடு சண்டை பிடித்த சமயம் நம்முடையது. ஆனால் அகதியாக வரும்போது பெரியவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டு வந்திருந்தார்கள். நான் மொழிபெயர்க்கத் தடுமாறினேன். தொப்பி ஐயா கையை உயர்த்தினார்.

"விளங்குகிறது," என்றார். "இன்னும் உரக்கச் சொல்லலாம் என்று சொல். மேலே இருக்கிறவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நாங்களும் கத்திப் பார்த்திருக்கிறோம்."

நான் சொன்னேன். அம்மா அவரைப் பார்த்தார். பிறகுதான் அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் தண்ணீர் கொண்டு ஓடவில்லை. அழுகை தானாகக் களைக்கும்வரை அந்தக் கிழடுகள் அசையாமல் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவர்கள் கேட்டது ஒன்றே: அவன் எப்படிப்பட்டவன்? நம் ஆட்கள் அண்ணாவின் பெயரையே தொடாமல் தாண்டிப் போனார்கள். இவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பிறேக் உடைந்து, விளக்கும் எரியாத சைக்கிளில் படம் பார்க்கப் போய்ப் பொலிஸிடம் அகப்பட்டது, பூனைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, மாம்பழத்தைத் தோலோடு தின்பது எல்லாம் ஜெர்மனில் ஆயிற்று. என் அண்ணாவைப் பாதிக்கு மேல் நான் அந்த மொழிபெயர்ப்பில்தான் அறிந்தேன். ஒரு கிழவர் பூனைக் கதைக்குச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அம்மாவும் சிரித்தார். செத்த வீட்டில் சிரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவன் சொல்வதும் மனைவி சொல்வதும் முரணாக இருப்பதால் நம்பத்தக்கதல்ல என்றார்கள். அந்த முரணை நேர்ப்படுத்த ஒரு வழக்கறிஞரும் பல வருடங்களும் தேவைப்பட்டன. நல்லதுக்குத்தான் செய்தவர்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பின்னாளில் பீலெஃபெல்டில் எங்கே சாவு வீடு என்றாலும் அம்மா போவார், நிலத்தில் இருப்பார், வாயே திறக்கமாட்டார். அகம்பிடிச்ச மனுசி என்று சிலர் சொன்னார்கள். ஆனால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது அவரைத்தான். யாருக்காவது செய்தியை மறைக்கப்போகிறோம் என்று கொமிட்டி கூடினால் மட்டும் வாய் திறப்பார். கூட்டம் கலைந்துவிடும்.

அந்தத் துக்கத்தின் ஏழாம் நாள், சனிக்கிழமை காலை. துக்கத்திலிருந்து எழும்புகிறவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் தெருவை ஒருமுறை சுற்றி வருவது அவர்கள் வழக்கம். உலகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று காட்டுவதற்காக இருக்கலாம்; அது ஒரு நல்ல செய்தியா என்று நான் கேட்கவில்லை. திறப்பு அம்மா ஒரு பக்கம், இன்னொரு கிழவி மறுபக்கம், நடுவில் சப்பாத்துக்குள் நோகும் காலோடு அம்மா. தொப்பி ஐயா முன்னால். அப்பா எல்லோருக்கும் பின்னால், கூப்பிடாத விருந்தாளி மாதிரி. அந்த ஏழு நாளும் அவர் குசினியில்தான் இருந்தார்.

சந்தைத் தெருமூலையில் அம்மா நின்றார். கிழவிகளின் கையை விட்டார். திரும்பினார். விசாரணை நாளுக்குப் பிறகு அப்பாவோடு அவர் பேசிய முதல் பேச்சு இது.

"நீங்கள் எங்கை வைச்சு அழுதனீங்கள்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். "அழேல்லை."

"அவ்வளவு நாளும்?"

"ஒரே அறைதானே. உமக்குத் தெரியாமல் எங்கை அழுறது?"

அம்மாவின் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. இரக்கம் வந்து அதைத் துடைத்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தொப்பி ஐயா நடையை நிறுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கடையின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப அழுங்கோ," என்றார் அம்மா. "நான் இஞ்சைதான் நிக்கிறன்."

அப்பா அழுதார். கூடையும் குடையுமாகச் சந்தைக்கு வந்த சனம் எங்களைச் சுற்றி விலகி நடந்தது. ஒருவர், போகும் வழியை மறிக்கிறீர்கள் என்றார். அம்மா அசையவில்லை.